பைப்படி வல்லாரையில் நீ கட்டிய முடிச்சு

அன்புள்ள தவராசா மச்சானுக்கு,

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் குன்று குன்றாக நிற்க, திருகோணமலைச் சனம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக வெயிலில் காய்ந்த வருடம் அது. காஸ் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பூட்டி வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். கடைக்காரர் பால்மாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் துணியால் மூடிக் கொடுத்தார்கள். கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்தது. கோட்டையடி மான்கள் சந்தைக்குள் வந்து அழுகிய முட்டைக்கோவா இலைக்கு அடிபட்டன. அந்த இலையை மனுசரும் பொறுக்கினார்கள். நீ பொய் முடிச்சுப் போட்டது அந்த வருடம்தான். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்ந்த அடுத்த வீட்டுச் சிவம் எழுதுகிறார். 'அன்புள்ள' என்று போட்டது அவர். செத்தவருக்கு எழுதினாலும் மரியாதை வேண்டுமாம். என் பேச்சை அவர் எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும், திட்டை மட்டும் குறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் மகன் ரவி பேப்பரில் கால் பக்கத்துக்கு உன் படத்தைப் போட்டிருக்கிறான். முதலாம் ஆண்டு நினைவாம். நீ மூலிகைச் செல்வராம். பஞ்ச காலத்தில் ஊரின் பசி தீர்த்தவராம். சிவம் வாசித்துக் காட்டினார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன், கஞ்சிக்காரியைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று கேட்பதற்காக. இல்லை. அதனால்தான் அதே பேப்பருக்கு இதை அனுப்புகிறேன். உன் படத்துக்குக் கிடைத்த இடத்தில் பாதி இதற்கும் கிடைக்கட்டும்.

வாசிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்ல வேண்டியிருக்கிறது. உட்துறைமுகக் கரைப் பூங்காவில் இலை பிடுங்க நான்கு பேர் வருவீர்கள். நீ, உன் தங்கச்சி பூமணி, மீரான் காக்கா, கஞ்சிக்காரி. நான் பூமணிக்குக் கூடை பிடித்தவன். துறைமுகத்தில் கப்பல் கயிறு இழுத்து ஓய்ந்தவனுக்கு வேறு என்ன வேலை? வேலியில் முசுட்டையும் முடக்கொத்தானும் படர்ந்திருக்கும். நடைபாதை ஓரத்தில் தேங்காய்ப்பூக்கீரை. நீர்க்கடுப்புக்கு மீரான் காக்கா அதைத்தான் தேடுவார். பூமணி சாரணையை ஆய்ந்து வறை வறுப்பாள். வல்லாரை இரண்டு இடத்தில். ஒழுகும் பைப்படியில் ஒரு பாத்தி, கீழே வடிகான் பக்கத்தில் ஒரு பாத்தி.

பூங்கா என்றால் நாயும் வரும், மானும் வரும், குடித்துவிட்டு வேலியோரம் ஒதுங்குகிற ஆட்களும் வருவார்கள். அதனால் முதலில் வருகிறவர் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கே அசுத்தம் இருக்கிறதோ, அங்கே தலைமாட்டில் நீளமாக நிற்கிற புல்லை வளைத்து ஒரு முடிச்சு. முடிச்சைக் கண்டால் பின்னால் வருகிறவர் குனியக்கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. முடிச்சு இல்லாத இடம் சுத்தம். யார் தொடங்கிய முறை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புல்லை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் தின்றோம், குடித்தோம்.

எப்போதும் முதலில் வருகிறவன் நீ. அதற்காக உனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கஞ்சிக்காரி கிண்ணியாவிலிருந்து வாழ வந்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு பூங்கா வாசலில் இலைக்கஞ்சி விற்றாள். விடிய நடக்க வருகிற சப்பாத்துக்காரர் நின்று குடிப்பார்கள், ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. அந்த வருடம் சப்பாத்துக்காரர் மட்டும் இல்லை. எரிபொருள் வரிசையில் நின்றவர்களும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாத தாய்மாரும் வந்தார்கள். அரிசி குறைவு, இலை கூட. அவளுக்கு முன்னெப்போதையும் விட வல்லாரை தேவைப்பட்டது.

உனக்கும் தேவைப்பட்டது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு பெரிய உத்தியோகத்தரின் வீட்டுக்குத் தினமும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனாய். அவர்களின் மகனுக்குச் சோதனையாம், ஞாபகத்துக்கு வல்லாரைச் சம்பலாம். பதிலுக்கு உன் சிலிண்டர் வரிசையில் நிற்காமலே நிறைந்தது. அதிலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அந்த வருடம் ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். ஆனால் நீ என்ன வழி பார்த்தாய்? பைப்படிப் பாத்தி முழுவதற்கும் தலைமாட்டில் முடிச்சுப் போட்டாய். நல்ல இடத்தை அசுத்தம் என்று சொன்னாய், மற்றவர் கை வைக்காமல் இருக்க.

ஒரு நாள் அந்தியில் மழை பெய்து வடிகான் பொங்கியது. விடிய முன்னம் இன்னொரு மழை இலையைக் கழுவிவிட்டது, மணம் இல்லை. முதலில் வந்தவன் அங்கே இறங்கிப் பார்த்திருந்தால் கரையில் ஒட்டியிருந்த அழுக்கைக் கண்டிருப்பான். நீ பார்க்கவில்லை. உனக்குத்தான் மேலே பாத்தி இருந்ததே. அவள் வந்தாள். பைப்படியில் முடிச்சைக் கண்டாள், விலகினாள். வடிகான் பக்கம் முடிச்சு இல்லை, குனிந்தாள்.

இலைக்கஞ்சிக்குச் சாற்றை இறக்கும் நேரத்தில்தான் விடுவார்கள். கொதிக்கவிட்டால் பச்சை போய்விடும். அன்று குடித்தவர்களில் பாதிப் பேர் மத்தியானத்துக்குள் சத்தி எடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து அவளின் பானையைக் கவிழ்த்தார். அது அவரின் கடமை, அவரில் பிழை இல்லை. சனம் கூடிவிட்டது.

"கிண்ணியாவில கொண்டுபோய்க் காய்ச்சன், இஞ்ச ஏன் வந்தனி?" என்று ஒருவன் கேட்டான்.

"காசு தாறம் எண்டா வடிகான் தண்ணியையும் கலக்குவாள்" என்றான் இன்னொருவன்.

அவள் கவிழ்ந்த பானையை நிமிர்த்தவும் இல்லை. நீ அந்தக் கூட்டத்தில் நின்றாய். நின்றது மட்டுமா? "நான் எத்தினை தரம் சொன்னனான், அந்தப் பக்கம் புடுங்காத எண்டு. கேட்டாத்தானே" என்றாய். ஊர் உன்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டியது. ஒரு தரமாவது சொன்னாயா மச்சான்? எப்போது சொன்னாய்?

நான் நேரே பைப்படிக்குப் போனேன். முடிச்சு இன்னும் இருந்தது. இடக்கைக்காரன் போட்ட முடிச்சு. புரி எதிர்ப்பக்கமாக ஓடும். நாற்பது வருடம் கயிறு பிடித்தவனுக்கு அதற்கு வெளிச்சம் தேவையில்லை. நாங்கள் ஐந்து பேரில் இடக்கையன் நீ ஒருவன். முடிச்சுக்குக் கீழே காம்புகள் கத்தியால் அரிபட்டு நின்றன, வெட்டு இன்னும் கறுக்கவில்லை. அசுத்தம் என்று நீ கட்டிவைத்த இடத்திலேயே நீ அரிந்திருக்கிறாய்.

உன் வீட்டு வாசலில் வந்து கேட்டேன்.

"முடிச்சில என்ர பேர் எழுதியிருக்கோ?" என்றாய்.

"உனக்குத்தான் எழுதத் தெரியும். எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

"செல்லையா, வெயில் தலைக்கு ஏறிப்போட்டுது உனக்கு. உள்ளுக்கு வா, தேத்தண்ணி குடி."

காஸ் அடுப்பில் கொதித்த தேத்தண்ணி. நான் குடிக்கவில்லை.

ஊரெல்லாம் சொன்னேன். இடக்கை முடிச்சு என்றதும் சிரித்தார்கள். மைத்துனன்மார் சண்டை என்றார்கள். கஞ்சிக்காரியிடமே போய்ச் சொன்னேன். அவள்தான் என்னை அதிகம் சுட்டாள். "முடிச்சுல பொய் சொல்ல ஏலா அண்ண. அவர் அப்பிடி ஆள் இல்ல. எனக்கு அண்டைக்குத் தடிமன், மூக்கு மணம் பிடிக்கல்ல. பிழை எனக்குத்தான்" என்றாள். உன்னை நான் திட்டத் திட்ட, அவள் உனக்காக வாதாடினாள். இதைக் கேட்டு உனக்கு எப்படி இருக்கிறது?

அதன் பிறகு அவள் வாசலில் உட்காரவில்லை. வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். கஞ்சியைச் சாக்கடை என்று சொன்னவர்கள் பாத்திரத்தை மட்டும் அவளிடம் கொடுத்தார்கள்.

நீ கெட்டவனாகவே இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. கப்பல் கயிறு என் உள்ளங்கையைக் கிழித்தபோது மூக்குத்திப் பூண்டைக் கசக்கி வைத்து, இரத்தம் நிற்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நீ. எனக்குப் பூமணியைக் கட்டித் தர உன் தகப்பன் மறுத்தபோது, படலையில் நின்று எனக்காகக் கதைத்தவனும் நீதான். அந்த மனுசன் எங்கே போனான்? ஒரு சிலிண்டருக்குள் எப்படி அடங்கினான்?

ஆசுப்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தாயே, அந்தக் கதைக்கு வருகிறேன். பூமணி உன் கட்டிலில் இருந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணா, எனக்குப் பொய் சொல்லாதை. அந்த முடிச்சு உன்ரதோ?"

நீ என்னைப் பார்த்தாய். நான் வெளியே போகவில்லை.

"ஓம். என்ரதான்" என்றாய்.

"ஏனண்ணா?"

"எல்லாரும் வந்து அரிஞ்சா எனக்கு என்ன மிஞ்சும்? அவள் வடிகானுக்குப் போவாள் எண்டு நான் கண்டனானோ?"

"அவளிட்டச் சொல்லு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவளிட்ட மட்டும் சொல்லு."

"சொல்லுறன். வரட்டும்."

அடுத்த நாள் காலையில் அவள் வந்தாள். யாரும் கூப்பிடாமல் வந்தாள். உனக்கென்று பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தாள். "பைப்படி வல்லாரைதான், பயப்பிடாமக் குடிங்க" என்றாள். நீ குடித்தாய். "நல்லாயிருக்கு" என்றாய். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய். பூமணி கண்ணைத் துடைக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கஞ்சிக்காரி பிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போகும்வரை நீ வேறொன்றும் சொல்லவில்லை.

மச்சான், ஒரு வசனம். மூச்சு இருந்தது, நேரம் இருந்தது, ஆள் எதிரில் இருந்தாள். ஏன் சொல்லவில்லை?

இனி இங்கே நடக்கிறதைக் கேள். பூமணி உனக்குப் பின்னால், அதே மாரியில் போய்விட்டாள். மீரான் காக்காவையும் நோன்புக்கு முன்னம் அடக்கியாயிற்று. பூங்காவில் புதுக் கல் பதித்திருக்கிறார்கள், கையைக் காலை ஆட்டுகிற இரும்பு யந்திரங்கள் நிற்கின்றன. பைப்பைத் திருத்திவிட்டார்கள்; ஆனாலும் வல்லாரை போகவில்லை. வாசலில் மூலிகைக் கஞ்சிக்கென்று ஒரு சின்னக் கடை கட்டி, தகுதியான ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கஞ்சிக்காரி கேட்டிருக்கிறாள். உன் மகனும் கேட்டிருக்கிறான், உன் பெயரில் நடத்தப் போகிறானாம். அந்தக் கால் பக்கப் படம் எதற்கு என்று இப்போது விளங்குகிறதா? அவள்மேல் பழைய முறைப்பாடு இருக்கிறது என்று சொல்லித் தள்ளப் பார்க்கிறார்கள். 'தவராசா ஐயாவே அன்றைக்கு அவளை எச்சரித்தவர்' என்று சாட்சிக்கு உன்னைத்தான் இழுக்கிறார்கள். செத்தும் நீ அந்தக் கூட்டத்தில் நின்று அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

தேத்தண்ணிக் கடையில் ரவியைப் பிடித்தேன்.

"மாமா, செத்த மனுசனில ஏன் சேறடிக்கிறியள்?" என்றான்.

"சேறில்லை மருமோன், வடிகான் தண்ணி. உன்ர கொப்பர் விட்டது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு முகம் கறுத்தது.

"சாட்சி ஆர்?"

"அவன் ஒத்துக்கொள்ளேக்க உன்ர மாமி பக்கத்தில இருந்தவள்."

"மாமி இப்ப எங்க? சுடலையில போய்க் கேக்கவோ?"

உன் வாய் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது. நான் அடிக்கக் கை ஓங்கவில்லை. ஓங்கினாலும் தோள் மேலே போகாது. ஆனால் அன்றோடு பேச்சு எல்லாம் முடிந்தது. இனி எனக்கும் உன் வீட்டுக்கும் படலை அடைப்புத்தான். உன் ஆண்டுத் திவசத்துக்கும் நான் வரவில்லை, கவனித்திருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு சொல்லும் நாளில் நான் அங்கே போவேன். கால் ஏலாது, சிவம் ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்கிறார். உத்தியோகத்தர்களுக்கு முன்னால் நின்று, நீ கட்டிலில் கிடந்து சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொல்வேன். உன் மகன் கத்தட்டும். அவளே எழும்பி, "அவர் அப்பிடி ஆள் இல்ல" என்று எனக்கு எதிராகச் சொன்னாலும் சொல்வாள். அப்போதும் விடமாட்டேன். நம்புகிறார்களோ இல்லையோ, நீ சொல்லாமல் வைத்துவிட்டுப் போன வசனத்தை நான் அவளின் காதில் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

ஊர் அவளைக் கஞ்சிக்காரி என்கிறது. கிண்ணியாக்காரி என்கிறது. இந்தக் கடிதத்தில் நானும் இவ்வளவு நேரமும் அப்படித்தான் சொல்லி வந்தேன், உனக்கு அவளை அப்படித்தான் தெரியும் என்பதால். பேப்பரில் உன் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. இதில் அவளின் பெயர் வரட்டும். அந்தப் பூங்காவில் குனிந்து இலை பிடுங்கிய உங்கள் நான்கு பேரில் நீ இல்லை, என் பூமணி இல்லை, மீரான் காக்கா இல்லை. உயிரோடு இருக்கிறவள் ஹலீமா.

உன் தங்கச்சியின் புருஷன்,
செல்லையா