பத்தொன்பதாம் ரகம்

ஜூன் 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் அக்காவின் போன். சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டதாம். "உன் பத்தொன்பதைப் பத்திதாண்டி இங்க பேச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆய்வகத்தின் நாற்பது சோள ரகங்களில் ஒன்று அது. சோதனை முடியாத விதையை வெளியே கொடுக்கக் கூடாது. ஆனாலும் நாலு கிலோவைத் துணிப்பையில் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய குத்தகை நிலத்தில் மூன்று வருடமாகச் சுடுமல்லி, பயிரின் வேரை உறிஞ்சும் களை. இந்தத் தடவையும் விளைச்சல் போனால் நிலத்தையே விட வேண்டியதுதான் என்றிருந்தாள். கூடப் பிறந்தவளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?

ஜூன் 13

விதை கொடுத்த அன்று அக்கா வீட்டுக்காரருக்கு விளக்கியதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், போதாத வேர், மண்ணில் உள்ள பூஞ்சையை உதவிக்குக் கூப்பிட ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கசியவிடும். அது சுடுமல்லி விதைக்கும் எட்டிவிடும். முளைத்து வந்து வேரிலேயே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். பத்தொன்பது அதைக் கசியவிடுவதே இல்லை மாமா என்றேன். "அதாவது, பசிச்சாலும் இது சத்தம் போடாது. என்னை மாதிரி" என்றார். அக்கா முறைத்தாள்.

அந்த ஹார்மோன் குறைந்தால் செடி அடியில் பக்கத்தண்டுகள் விட்டு அதிகம் தூர் கட்டும். பசுமைக்குடிலில் சோதனைக்கு வைத்த தொட்டிகளில் பத்தொன்பதுக்குத்தான் தூர் அதிகம். எல்லாம் பொருந்துகிறது.

ஜூன் 20

அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூன் 22

எடுத்தாள். "தண்ணி பாய்ச்சியும் வாடுதுடி. மத்தியானம் ஆனா தலை சாய்ஞ்சிடுது." வெயில் என்றேன். வெயில்தான். வெயிலாகத்தான் இருக்கும்.

ஜூன் 25

போனில் படம் அனுப்பியிருக்கிறாள். சோளத்தின் காலடியில் சுடுமல்லிப் பூ. ஒன்றிரண்டு இல்லை.

எப்படி? எப்படி?

ஜூன் 26

பசுமைக்குடில் தோட்டக்காரரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "பத்தொன்பதா? கதவோரம் இருந்ததுங்களா? ரொம்ப நோஞ்சானா இருந்துச்சும்மா. நீங்க அப்பாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. பாவமா இருந்துச்சுன்னு கொஞ்சம் உரத்தண்ணி ஊத்தினேன். நல்லா பிடிச்சுக்கிச்சு." பெருமையாகச் சொன்னார்.

வயிறு நிறைந்த செடி எதற்குக் கூப்பிடப் போகிறது? எந்தச் சோளத்துக்கு மணிச்சத்து ஊற்றினாலும் கசிவு குறையும், தூர் கட்டும். மணிச்சத்துத் தராமல் பட்டினி போட்டுப் பார்க்கிற சோதனை அது. பட்டினியே போடவில்லை.

அவர்மேல் பழி போட முடியாது. பத்தொன்பதின் மூன்று தொட்டிகளையும் மற்ற ரகங்களுக்கு நடுவே கலைத்து வைக்காமல் கதவோரம் ஒன்றாக வைத்தது நான். பட்டினியில் மற்ற ரகங்களின் இலையோரம் எல்லாம் கருஞ்சிவப்பாகிவிட்டது, பத்தொன்பது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கைக்கு வந்தது போய்விடுமோ என்று பயம் — தெரியும்டி உனக்கு. அப்பவே தெரியும். வாயை மூடிக்கிட்டுதானே இருந்தே?

ஜூன் 27

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன், விதை வெளியே போனதையும் சேர்த்து. நிமிர்ந்து பார்க்காமல், "எழுதிக் குடுத்துடுங்க" என்றார். சாயங்காலம் விதை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 29

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "வழக்கமா போடற விதையைப் போட்டிருந்தா?" என்றாள்.

"அதுவும் இப்படித்தான்க்கா ஆகியிருக்கும்."

பொய் இல்லை. ஆனால் அதுவாக இருந்தால் பாதி நிலத்தில்தான் சோளம் போட்டிருப்பாள். மீதியில் பயறு. என்னை நம்பித்தான் ஒரு ஏக்கரும் சோளம். இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஜூலை 2

எழுந்திருக்கவே மனமில்லை. எழுந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறேன்?

ஜூலை 6, சனி

அக்காவின் நிலத்துக்குப் போனேன். குத்தகையை விடுவதாக நிலத்துக்காரரிடம் சொல்லியாயிற்றாம். மாமா திங்கட்கிழமையிலிருந்து ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போகிறார். இந்த வயதில்.

அக்கா வரிசைக்கு நடுவில் குந்தி, சுடுமல்லியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"விட்டுட்டுப் போற நிலத்துல எதுக்குக்கா இது?"

"விதை உதிர்ந்துச்சுன்னா பதினஞ்சு வருஷம் மண்ணுல கிடக்கும்னு சொன்னது நீதானே. அடுத்து ஒருத்தர் வந்து உழுவாங்கல்ல."

நான் சொன்னதை இன்னும் நம்புகிறாள்.

பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பிடுங்கினேன். இருட்டுவதற்குள் ஒரு மூலைதான் முடிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நாளைக்கும் வா. ஒருத்தியால முடியாது" என்றாள்.