அப்பாவின் குரலுக்குப் பொத்தான்கள்

பன்வில,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

வீட்டில் எப்படி என்றுதான் முதலில் கேட்பாய், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மழை விட்டிருக்கிறது. நீயும் ஜப்பான் குளிரில் உடம்பைக் கவனித்துக்கொண்டு சுகமாக இருக்க அம்மன் துணை. இதைப் போனில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே போன், எழுத்தைத் தொட்டால் சத்தமாக வாசித்துக் காட்டும் வசதி ஒன்று அதற்குள் இருப்பதை அப்பா கண்டுபிடித்துவிட்டார், இப்போது வருகிற செய்தி, போகிற செய்தி எல்லாவற்றையும் வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மின்சாரக் கட்டணச் செய்தியைக்கூட விடுவதில்லை. ஆகவே நாளைக்கு இதை வத்தேகமயில் நஸீப்பின் கடைக்குக் கொண்டுபோய் அவருடைய போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். போன் திருத்துகிறவர், அப்பாவின் மரக்கறிக் கடைக்கு எதிர்ப்பக்கம், உனக்கு நினைவிருக்கும். அவர் வாசித்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

டொக்டர் சொன்னதை நான் போனில் சொல்லத் தொடங்கியதும் நீ அழுதாய், லைன் போய்விட்டது, மீதியைச் சொல்லவில்லை. தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் பிழைப்பார், அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் இப்போது பேசுகிற பேச்சு பிறகு இல்லை, மூச்சும் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான். வருகிற திங்கட்கிழமை கண்டி பெரியாஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைத் தாதி எடுத்துக் காட்டினார், டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி அது சத்தம் போட்டது, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில், "வாயில்லாதவன் சந்தையில என்னத்த விக்கிறது, நான் வரல, என்னய விட்டுருங்க" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது, போனது. அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் மேசையில் கிடக்கிறது, ஒரே பக்கத்தைத் திரும்பவும் திரும்பவும் பார்க்கிறேன், சொற்கள் தெரிகின்றன, உள்ளே போவதில்லை. போனைப் பற்றி மட்டும்தான் வாசிக்க முடிகிறது. அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சோறு அடிப்பிடித்த பிறகுதான் எழும்புகிறேன்.

இத்தனை வருஷம் கையில் வைத்திருந்த போனில் இவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை சுபா. முதுகில் இரண்டு தரம் தட்டினால் நாம் சொல்லிவைத்த வேலையைச் செய்கிறது. கதவு தட்டும் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், குழந்தை அழும் சத்தம் கேட்டால் அதிர்ந்து காட்டுகிறது, காது கேளாதவர்களுக்காகச் செய்தது. கையுறை போட்டவர்களுக்கென்று திரையின் தொடு உணர்வைக் கூட்டுகிற வசதி ஒன்று இருக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் அப்பாவின் விரலுக்குப் போன் ஒழுங்காக வேலை செய்கிறது, மண்ணிலும் தண்ணீரிலும் வெடித்த விரல், அதன் ரேகையை இதுவரை எந்தப் போனும் ஏற்றுக்கொண்டதில்லை. பிறகு, நாம் எழுதியதைப் பேசுகிற வசதி. எழுதி அமுக்கினால் ஒரு பெண் பேசுகிறாள், தமிழ் சுத்தமாக இருக்கிறது, யாருடைய வீட்டிலும் அப்படிப் பேசமாட்டார்கள்.

இதையெல்லாம் நஸீப்பிடம் காட்டினேன். அவர் அப்பாவுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, பந்தயம் கட்டினார். "அண்ணன், திங்கக்கிழம வர வாயத் தொறக்காம யாவாரம் செஞ்சி பாருங்களே. ஏலாட்டி நீங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம், அக்காவோட நானே பேசுறேன்" என்றார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, தோற்பது சுலபம் என்று நினைத்தார் போல. முதல் நாள் அந்தப் பெண் குரலை வைத்துப் பார்த்தார்கள். "தக்காளிகள் மிகவும் புதியவை, தயவுசெய்து அழுத்த வேண்டாம்" என்று அவள் செய்தி வாசிப்பதுபோலச் சொல்ல, பக்கத்துக் கடைப் பரிமளம் அக்கா, "என்னா ராஜலிங்கம், ரெண்டாங் கல்யாணமா, ஒரு வார்த்த சொல்லல" என்று கேட்டாராம். சிங்களத்தில் பேரம் பேச வந்தவர்களுக்கு அவள் வாயே திறக்கவில்லை. மறுநாள் நஸீப் அவளை நிறுத்திவிட்டு, அப்பா பதிந்து கொடுத்த சொந்தக் குரலையே திரையில் பெரிய பெரிய படங்களாக அடுக்கிவைத்தார். போஞ்சிப் படத்தைத் தொட்டால் போஞ்சிக்குக் கூவுகிற அப்பா, லீக்ஸைத் தொட்டால் லீக்ஸுக்குக் கூவுகிற அப்பா, தமிழிலும் சிங்களத்திலும். தராசுக் கம்பியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

அங்கேதான் ஒரு பிழை விட்டார்கள். விலையையும் சேர்த்துப் பதிந்துவிட்டார்கள். மரக்கறி விலை ஒவ்வொரு விடியலுக்கும் மாறும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர், தன் வாய்க்கு மட்டும் அதை மறந்துவிட்டார். அடுத்த காலையில் போஞ்சி ஏறிவிட்டது, ஸ்பீக்கரோ நேற்றைய விலையைக் கூவுகிறது, பெண்கள் கூடையைச் சுற்றி நின்றுவிட்டார்கள், ஒரு சிங்கள நோனா ஸ்பீக்கரையே விரலால் காட்டி, உங்கள் குரல்தானே என்று கேட்டார். நான் அன்றைக்குக் கடையில்தான் இருந்தேன், விலை ஏறிவிட்டது என்று சொல்ல எழும்பினேன், அப்பா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. வாயைத் திறந்து, இது நேற்றைய விலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தயம் தோற்றுவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க அவருக்கு வேண்டிய சாக்குக் கிடைத்துவிடும். எதிர்ப்பக்கம் நஸீப்பும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. கூடை முழுவதையும் நேற்றைய விலைக்கே நிறுத்துக் கொடுத்தார். கடைசிப் பிடிக்குக் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தார். கூடை காலியானதும் அதைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. ஒன்றும் வரவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் இலக்கங்களைத் தனித்தனியாகப் பதிந்தார், இனி விலை எப்படி மாறினாலும் தொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். நான் குசினியில் இருந்தேன். இலக்கங்கள் முடிந்து வேறு சொற்கள் வரத் தொடங்கின. தண்ணி. ஜன்னலத் தொற. லைட்ட நிப்பாட்டு. பிறகு "வலிக்குது" என்றார். சாதாரணமாக ஒரு தரம், கொஞ்சம் கூட்டி ஒரு தரம், கடைசியாகத் தாங்க முடியாதவர் சொல்வதுபோல ஒரு தரம். வலி இல்லாமல் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார், சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடியும் சொன்னார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், வெட்டி முடித்தேன். மறுநாள் சந்தையில் பரிமளம் அக்காவின் பக்கம் திரும்பி ஒரு படத்தைத் தொட்டார், "திங்கக்கெழம கட இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றது அது. எனக்கு அவர் சம்மதம் என்று தனியாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியவை. அங்கே போன் சாமான் விற்கிற பெரிய கடைகள் இருக்கும்தானே, வேலைக்குப் போகிற வழியில் பார். சட்டைக் கொலரில் பொத்தான் மாதிரிக் குத்திக்கொள்கிற ஸ்பீக்கர் இருந்தால் வேண்டும், தராசில் தொங்குகிறதிலிருந்து வருவது தராசின் குரல் மாதிரி இருக்கிறது, ஆளின் நெஞ்சுப் பக்கமிருந்து வந்தால் நல்லது. திரை மேல் ஒட்டுகிற மேடு மேடான பொத்தான்கள் இருக்கிறதா என்றும் கேள், ஈரக் கையால் பார்க்காமலே தடவி அமுக்கக்கூடியது. இன்னொன்று இன்னும் யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கதவு தட்டினால், குழந்தை அழுதால் போனுக்குத் தெரிகிறது, குரல் இல்லாத ஒருவர் அடுத்த அறையில் எழும்பி உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது. அவர் விரலில் ஒரு மோதிரமும் என் கையில் ஒரு வளையலும் இருந்து, அவர் மோதிரத்தை அமுக்கினால் என் வளையல் அதிரவேண்டும், போன் எங்கே கிடந்தாலும் சரி. நஸீப்பிடம் சொன்னேன், "அக்கா நீங்க கண்டுபிடிங்க, நான் வித்துத் தாறேன்" என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அங்கே நீ பார்த்துக்கொள்கிற வயதானவர்களுக்கு அப்படி ஏதாவது வந்திருந்தால் எழுது.

அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று உனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார், நீ விமானம் ஏறிய பிறகும் சுபா என்று சத்தம் கேட்டால் நான்தான் எழும்பிப் போகிறேன். நேற்று என்னைக் கூப்பிடுவதற்கு ஒரு பொத்தான் வைக்கும்போது, "பேர மாத்தவா" என்று கேட்டார், அவருக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றேன். ஆகவே திங்கட்கிழமைக்குப் பிறகு நீ வீட்டுக்கு அழைப்பு எடுக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பயப்படாதே, என்னைத்தான் கூப்பிடுகிறார், நீயும் பதில் சொல்லலாம்.

வேலையை விட்டு ஓடிவர நினைக்காதே, இங்கே பஸ்னா வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், நஸீப்பின் மனைவி. காலில் காலுறை இல்லாமல் நிற்காதே, சோறு பிந்தி உண்ணாதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் இருக்க நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் அழைப்பு எடு. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்காதே, கெஞ்சாதே, அழாதே. போஞ்சிக் கதையைக் கேள். பந்தயத்துக்கு அது கணக்கில்லை என்று நஸீப்பிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அப்பா வாயால் சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேசாதே. அழைப்பைப் பதிந்துவைக்கிற வசதியும் போனில் இருக்கிறது, எனக்குத் தெரியும், அதைத் தொடாதே. பதிகிறது என்று தெரிந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து வங்கி மேனேஜரிடம் பேசுவது மாதிரிப் பேசுகிறார், அந்தக் குரல் எங்களிடம் நிறைய இருக்கிறது. நீ சும்மா கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னலட்சுமி