பெட்டியில் சேர்த்த மூச்சு

டிசம்பர் 30, திங்கள்
காலையிலேயே போன். ஜெஸ்ஸியாம். நுரையீரல் நோய் முற்றிப்போன முன்னாள் படைவீரர்களுக்கு ஆளுக்கொரு ஆலோசகராம். எனக்கு இந்தப் பிள்ளை. வாரா வாரம் பேசுமாம். பட்டாளத்தில் அம்புட்டுப் பேரை ஓட வைத்தவனுக்கு மூச்சுவிடச் சொல்லித்தரப் போகுதாம்!

"உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை சார்?" என்றது. மருந்தைக் கேட்கும் என்று பார்த்தால் ஆசையைக் கேட்கிறது. ஒண்ணுமில்லம்மா, ஆல் ஓகே என்றேன்.

பொய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு வருஷா வருஷம் நான்தான் கமாண்ட் கொடுக்கிறேன். போன வருஷம் பாதியில் இருமித் தொலைத்தேன். பிள்ளைகள் சிரித்துவிட்டன. இந்தத் தடவை முழுசாகக் கொடுத்தாகணும்.

ஜனவரி 3
மோட்டார் போடப் போய் மூச்சு முட்டி மல்லிகைத் தோட்டத்து நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி மகேஸ்வரி பார்க்கவில்லை. நல்லவேளை.

ஜனவரி 6
ஜெஸ்ஸி. சூடான காப்பியை ஊதுற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விடணுமாம். நாலு பேர் பார்த்தால் சிரிக்க மாட்டானா? "இன்ஹேலர் தினமும் ரெண்டு வேளை இழுக்குறீங்களா சார்?" இழுக்குறேன்மா.

ஜனவரி 10
நின்றாலும் இருப்புக்கொள்ளவில்லை, உட்கார்ந்தாலும் இல்லை. பி.டி. வாத்தியார் ஆனந்த்ராஜ் வந்தான். "ஐயா, இந்த வருஷம் வேணும்னா நான் கமாண்ட் குடுக்கட்டா?"

"ஏலே, நான் இன்னும் சாகலலே!" என்று கத்திவிட்டேன். கத்தின கத்துக்கு ஒரே இருமல். அவனே தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் இன்னும் எரியுது.

ஜனவரி 13
மாட்டிக்கொண்டேன். பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கிறேன் என்று மகேஸ்வரி என் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிரிக்காத இன்ஹேலர்கள். தினமும் இழுக்க வேண்டியதை, ரொம்ப முட்டினால் மட்டும் இழுத்து மிச்சம்பிடித்தது.

"கிறுக்குப் பிடிச்ச மனுசா, யாருக்குய்யா சேத்து வைக்கிற?" என்று அழுதாள். அவளே ஜெஸ்ஸிக்குப் போனும் போட்டுவிட்டாள்.

திட்டும் என்றுதான் நினைத்தேன். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டது.

"எல்லையில நிக்கிறவன் தோட்டாவ மிச்சம் வைக்கணும்மா. காலியாயிட்டா என்ன செய்ய?"

"சரி சார், துப்பாக்கிய எப்பப்ப தொடச்சு எண்ணெய் போடுவீங்க?"

"தினமும். சுட்டாலும் சுடாட்டியும்."

"இது அந்த எண்ணெய் சார். தோட்டா இல்ல. அவசரத்துக்குத்தான் நீல இன்ஹேலர் தனியா குடுத்திருக்காங்களே."

கொடியேற்றத்து ஆசையையும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 16
ரெண்டு வேளையும் இழுத்தாச்சு.

ஜனவரி 21
குளத்துக்கரை வரை நடை, ஊதிக்கொண்டே. வேலுசாமி பார்த்துவிட்டு, "என்ன மாமா, விசில் வரலையா?" என்றான். போடா வேலையப் பாத்துக்கிட்டு என்றேன்.

ஜனவரி 26
"பரேட்... சாவ்தான்!" மைதானத்துக் கடைசி வரைக்கும் கேட்டது. அத்தனை பிள்ளையும் விறைத்து நின்றது; ஒண்ணுகூட அசையவில்லை. அடுத்த கமாண்டுக்கு மூச்சு எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் வந்திருக்குமோ? விழுந்திருப்பேன். ஆனந்த்ராஜைப் பார்த்துத் தலையசைத்தேன். மிச்சத்தை அவன் கொடுத்தான். நான் நின்ற இடத்திலேயே, ஊரே பார்க்க, உதட்டைக் குவித்து ஊதினேன். கொடிக்கு சல்யூட் அடிக்கையில் அழுகை வந்துவிட்டது. வெட்கமா, வருத்தமா, தெரியலை.

ஜனவரி 27
"நேத்து எப்படி சார்?"

"பாதிதாம்மா முடிஞ்சுது."

"ஆகஸ்ட்டு பதினஞ்சு வருதுல்ல சார். சாயங்காலம் நடந்துட்டு சொல்லுங்க."

போனேன். குளக்கரையில் ரெண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நானே போன் போட்டு, அதையும் சொன்னேன்.