நாலரைப் புள்ளி

ஒக். 8, புதன்

மழை. பாய்லர் மறுபடியும் நின்றுவிட்டது. ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவானாம். கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குளித்துவிட்டு வேலைக்கு. பார்க்கிங் என்கிற ஊரில் பல் டொக்டரின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கே பல் வலி. யாரிடம் சொல்ல.

தேவன் அண்ணை (இனி தே.அ.) இந்தக் கிழமை நாங்கள் ஊகிக்க வேண்டிய பத்து மட்ச்சையும் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அமெரிக்கக் கொலிஜ் பிள்ளைகளின் ஃபுட்போல். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனுசனுக்கு இது என்ன வேலை என்று கேட்டால், "எல்லாம் எங்கட அருணனுக்காகத்தான்" என்பார். அது உண்மை. என் மகன் அங்கே கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கிறவனாகப் போன பிறகுதான் கோயில் சனம் பன்னிரண்டு பேருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. காசு வைப்பது கிடையாது. கிழமைக் கடைசிக்காரர் ஞாயிறு எல்லாருக்கும் ரோல்ஸ் கொண்டுவர வேண்டும். மொத்தத்தில் முதல் வருபவருக்கு ஒன்றும் இல்லை, வாய் மட்டும்.

யார் வெல்வார் என்பதல்ல, எத்தனையால் என்பதுதான் கேள்வி. பலமான பக்கம் மற்றப் பக்கத்துக்கு முன்கூட்டியே புள்ளி கொடுக்கும். அருணனின் கொலிஜ் இந்த முறை நாலரை கொடுக்கிறது. ஐந்தாலாவது வென்றால்தான் அவர்களை எடுத்தவருக்கு எங்கள் கணக்கில் ஒரு புள்ளி. மூன்றால் வென்றால் அங்கே வெடி கொளுத்துவார்கள், இங்கே எங்களுக்குப் பூச்சியம். வீட்டில் இவருக்கு, அருணனின் அப்பாவுக்கு, இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம்.

தே.அ. முதல். நான் ஒரு புள்ளி பின்னால். குழுவில் எழுதுகிறார்: "தங்கச்சி, இது சீட்டுக் கட்டுற மாதிரி இல்லை, கொஞ்சம் மூளை வேணும்." இருக்கட்டும்.

ஒக். 9, வியாழன்

மழை விட்டுவிட்டது. குளிர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அருணன் போன் எடுத்தான். "அம்மா, தனியவோ நிக்கிறீங்கள்?" எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தொடை இழுக்குது. கிட்ட நிண்டு உதைக்க ஏலும். தூரத்தில இருந்து ஏலாது."

"டொக்டருக்குக் காட்டினியோ?"

"காட்டினா விளையாட விடாம இருத்திப்போடுவாங்கள். பின்னால ஒருத்தன் ரெடியா நிக்கிறான். அப்பாக்குச் சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் வேண்டாம். காயக் கதை வெளியில போகக் கூடாது எண்டு எங்களிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கிறாங்கள், அம்மா."

"நான் ஆருக்கடா சொல்லப்போறன்?"

காட்டச்சொல்லிக் கெஞ்சினேன். பார்ப்பம் என்றான்.

இரவு இவரோடும் கதைத்தான். ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாம் நல்லா இருக்கு, அப்பா." அவருக்கு வாயெல்லாம் பல். அவருக்கு எப்போதும் "நல்லா இருக்கு" மட்டும்தான். உண்மை எனக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படி. கவலையோடு கவலையாக அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, மறைத்து என்ன.

ஒக். 10, வெள்ளி

பாய்லர் சரி. வந்தவன் ஏதோ ஒரு குமிழைத் திருகினான், ஐந்து நிமிடம், போய்விட்டான்.

வாங்க: எள்ளெண்ணெய், கறுப்புத் துணித்துண்டு, கத்தரிக்காய், பல்வலி மாத்திரை.

நாளைக்குப் புரட்டாசிச் சனி, கடைசி. அருணன் பேருக்கு எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும்.

ஒன்பது மட்ச் போட்டு முடித்தேன். பத்தாவது அருணனின் மட்ச். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எல்லாரும் அவன் பக்கம், எழுதாத சட்டம். கலியாண வீட்டில் மாப்பிள்ளை அழகு என்று சொல்வது போல. அதனால் அந்த மட்ச்சில் எவருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

தூரத்தில் இருந்து உதைக்க முடியாத கால். ஐந்து புள்ளி வராது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும்.

மற்றப் பக்கம் போட்டேன்.

பின்னேரம் தே.அ. வழமைபோல எல்லார் தெரிவையும் ஒரே தாளில் எழுதிப் படமாகப் போட்டார். பதினொரு பெயருக்கு நேரே அருணனின் கொலிஜ். ஒரு பெயருக்கு நேரே மட்டும் எதிர்ப்பக்கம். பெற்றவள் பெயர். இது படத்தில் இப்படித் தெரியும் என்று ஏன் எனக்கு உறைக்கவில்லை?

தே.அ. போனில்: "தங்கச்சி, கை தவறிப் பட்டிட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"பெடியனுக்கு ஏதும்..."

"ஒண்டும் இல்லை."

"அப்ப சரி, அப்ப சரி."

கொஞ்ச நேரத்தில் அவர் தன்னுடையதை மாற்றினார். பிறகு ஒவ்வொருவராக. தாயே மாறி நிற்கிறாள் என்றால் சும்மாவா. சனிக்கிழமை மத்தியானம் வரை மாற்றலாம் என்பது சட்டம். சாப்பிட உட்காரும்போது மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான்.

"ஏன் மாத்திப் போட்டனி?"

"சும்மா. கணக்கு."

"நான் மாத்தேலை." புட்டைப் பிசைந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நானும் திருப்பிப் போட்டிருக்கலாம். திருப்பினால் இன்னும் சந்தேகம் வரும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பொய். தே.அ.வின் மூளைக் கதைக்குப் பதில் கொடுக்க வேண்டும் என்ற வீம்பு.

படுக்கப்போகும் நேரம் அருணனின் மெசேஜ். "அம்மா, யாருக்குச் சொன்னீங்கள்?" அபி அவனுக்குப் போன் எடுத்து ஏதும் காயமோ என்று கேட்டிருக்கிறாள். இவருடைய தங்கச்சி மகள், அவளும் குழுவில்.

"ஒருத்தருக்கும் ஒரு சொல்லும் சொல்லேலை." சத்தியமான வார்த்தை.

ஒக். 11, சனி

வெயில், ஆனால் காற்று. கோயிலில் கூட்டம். அருணன் பெயர், நட்சத்திரம் சொல்லி எள்ளெண்ணெய் எரித்தேன். ஐயர் "விளையாட்டிலயும் நல்லா வரட்டும்" என்று திருநீறு தந்தார். நெற்றி சுட்டது. திரும்பி வந்து காகத்துக்கு வைத்த சோற்றை அணில் தின்றது.

அப்போதும் மாற்ற நேரம் இருந்தது. மாற்றவில்லை.

பின்னேரம் மட்ச். இவரும் நானும் ஒரே சோபாவில், முதல்முறையாக எதிரெதிர்ப் பக்கம். முடிய இரண்டு நிமிடம். அருணனின் கொலிஜ் மூன்றால் முன்னே. அவனை உதைக்கக் கூப்பிட்டார்கள். தூரம். போனால் இன்னும் மூன்று, மொத்தம் ஆறு, இவர் சரி. போகாவிட்டால் மூன்று, நான் சரி.

நடந்து வந்தான். வலது காலை மெல்ல வைக்கிறான். எவருக்கும் தெரிந்திருக்காது.

பந்து வைக்கிற அந்த ஒரு நொடியில் "போகக் கூடாது" என்று நினைத்தேன். நினைத்தேன்தான். அம்மா தாயே, அவன் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அதற்குப் பிறகுதான் வந்தது.

பந்து கம்பத்துக்கு வெளியே. அவன் நிலத்தில் உட்கார்ந்திருந்தான், தொடையைப் பிடித்தபடி.

இவர் எழும்பி டிவிக்குக் கிட்டப் போய் நின்றார். "ஏன் இருக்கிறான்? எழும்படா. ஏன் இருக்கிறான்?" என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்போது விளங்கிவிட்டது.

வென்றது அவன் கொலிஜ். மூன்றால்.

எதிர்ப்பக்கம் எடுத்தவள் அம்மா என்று தெரிந்துதான் அந்த உதைக்கு வந்தானோ? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே.

ஒக். 12, ஞாயிறு

அருணனின் மட்ச்சில் எல்லாருக்கும் ஒரு புள்ளி, இவருக்கு மட்டும் இல்லை. மற்ற ஒன்பதையும் கூட்டினால் அந்த ஒன்றால் இவர் கடைசி. மொத்தத்தில் தே.அ.வுக்கும் எனக்கும் வித்தியாசம் அதே ஒன்று. இதற்குத்தான் இவ்வளவும்.

இவர் விடியவே எழும்பி உருளைக்கிழங்கு அவித்தார். கடையில் வாங்கலாம் என்றேன். "நான்தானே தோத்தது" என்று விட்டுத் தானே சுற்றி, தானே பொரித்தார். உப்புக் கூடிவிட்டது.

கோயில் மண்டபத்தில் தே.அ. ரோல்ஸைக் கடித்தபடி, "தங்கச்சி, நீங்கள் இல்லாட்டி நாங்கள் எல்லாரும் விழுந்திருப்பம்." சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல்: "அடுத்த கிழமையும் பெடியன்ர காலைக் கேட்டுச் சொல்லுங்கோ!" இன்னும் சிரிப்பு. இவர் தட்டை வைத்துவிட்டுச் செருப்புப் போடப் போனார்.

அபி வந்து கையைப் பிடித்தாள். "மாமி, ஸொறி. நீங்க அவனுக்கு எதிராப் போட்டதும் ஐ வாஸ் ஸோ வொரீட். அதுதான் அவனிட்டக் கேட்டன்." அவளைச் சொல்லி என்ன.

ஒக். 14, செவ்வாய்

மேகம். பல் பிடுங்கியாயிற்று, வேலை செய்கிற இடத்திலேயே. பாதி முகம் மரத்துக் கிடக்கிறது.

அருணன் நேற்று ஸ்கான் எடுத்தானாம். தசை கிழிவு. சீசன் முடியுமட்டும் இல்லை. மற்றவன் உதைப்பான். இதெல்லாம் இவருக்குச் சொல்லி இவர் எனக்குச் சொன்னது. வீட்டில் முதல்முறையாக ஒரு செய்தி அந்த வழியாக வருகிறது.

"உனக்கு முதலே தெரியும்" என்றார். கேள்வி இல்லை.

"ஓம்."

"எனக்குச் சொல்லேலை. சரி, அவன் சொல்ல வேண்டாம் எண்டிருப்பான். ஆனா ஊருக்குச் சொல்லிப்போட்டியே."

வாய் மரத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அவனுக்கு நாலு மெசேஜ். பார்த்திருக்கிறான்.

ஒக். 17, வெள்ளி

மழை. குப்பைக்காரர் பச்சைத் தொட்டியை எடுக்காமல் போய்விட்டார்கள். கவுன்சிலுக்குப் போன் பண்ண வேண்டும்.

வேலை முடிந்து வந்தால் இவர் போனில். அவன்தான். சிரித்துக் கதைக்கிறார். என்னைக் கண்டதும், "அம்மா வந்திட்டா, குடுக்கிறன்."

குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். தனியத்தான் நிக்கிறன் என்றேன், அவன் கேட்காமலே.

"கால் எப்பிடி ராசா?"

"நல்லா இருக்கு, அம்மா."

"வலி?"

"இல்லை. எல்லாம் நல்லா இருக்கு."

அப்பாவுக்குச் சொல்கிற அதே குரல்.

பத்தையும் தே.அ.வுக்கு அனுப்பியாயிற்று. அருணன் கொலிஜ் இந்தமுறை இரண்டரை கொடுக்கிறது. எல்லாரையும் போல அவர்கள் பக்கமே போட்டேன். எனக்கும் வேறு ஒன்றும் தெரியாது.