ஒட்டுக்குக் கீழே வந்த கிளை

விம்கோ நகர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கிறிஸ்டினா அக்காவுக்கு,

லுப்னாவின் ஸலாம். இங்கே நாங்கள் சுகம். மஸ்கட்டில் மகளும் பேரனும் சுகம்தானே? மகளுக்குப் பூண்டு நிறையச் சேர்த்துக் கொடுங்கள், பால் நன்றாகச் சுரக்கும்.

இதைப் போனில் சொல்லலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் உங்கள் தம்பி அசோகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ரோஜாவைப் பற்றித்தான். மாதவரம் நர்சரியில் ஒரே நாளில் ஆளுக்கொரு ஒட்டுச்செடி வாங்கினோம். ஒரே செம்மண். காசிமேட்டு மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த அதே உரம். உங்களுடையது பூத்தால் பக்கத்து வீட்டில் எங்கள் மாடிப்படி வரை மணக்கும். என்னுடையது காகிதப்பூ மாதிரி நிற்கும். நீங்கள் கிளம்பும் முன், உங்கள் மொட்டைமாடிக் குழாயைச் சரிசெய்ய வந்த என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு அந்தத் தொட்டி முன்னால் நின்று, "இன்னா வாசனை! நம்ம வூட்டுதுல வெறும் கலர்தான் கீது" என்றார். அன்று அவருக்குச் சோறு போடக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாளே மாடிச் சாவியை என் கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள்.

பத்தாம் நாள் ஒட்டுக்குக் கீழே, வேர்ப்பக்கமிருந்து ஒரு கிளை கிளம்பியது. அது காட்டுச்செடி, கண்ட அன்றே பிய்க்காவிட்டால் நல்ல செடியைச் சாகடித்துவிடும் என்று நர்சரிக்காரர் நம் இருவரிடமும்தானே சொன்னார்? எனக்கு ஞாபகம் இருந்தது அக்கா. நன்றாகவே இருந்தது. பிய்க்கவில்லை. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அடிப்பக்கம் தெரியாமல் அந்த இலைகளையே படம் பிடித்து அனுப்பினேன். "தளதளன்னு கீது, உன் கைராசி" என்று பதில் போட்டீர்கள்.

நேற்றுப் பார்த்தால் மேலே மூன்று கிளைகள் காய்ந்துவிட்டன. ஒன்றுதான் பச்சை. உடனே மண்ணைத் தோண்டி அந்தக் காட்டுக் கிளையை அடியோடு பிய்த்தேன்.

பச்சைக் கிளையில் ஒரு மொட்டு இருக்கிறது. அதைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையிலிருந்து மூன்று தடவை மாடியேறி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

சாவியை அசோகனிடமே கொடுத்துவிட நினைத்தேன். கை வரவில்லை. உன்னிடமே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பேரன் மேல் யார் கண்ணும் படாமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள்,
லுப்னா