முழு மனதோடும் தயக்கமின்றியும்

ஜூன் 4
இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று மாலை இந்த வீட்டின் ஆங்கிலச் சம்மதத் துறை அமைச்சராக நான் பதவியேற்றேன். பதவிப் பிரமாணம்: “ஒழுங்கா எழுதுடா, எருமை.” செய்துவைத்தவர் அம்மா.

அம்மா ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு சூப்பர்வைசர். புது மேனேஜர் வந்ததிலிருந்து எல்லா உத்தரவும் போனில் செய்தியாக, அம்மாவுக்கு வராத இங்கிலீஷில். அம்மா எதற்கும் “சரின்னு போடு” என்பாள். நமக்கு ஒரே ‘சரி’. இங்கிலீஷ்காரனுக்கோ ஒரு அலமாரி நிறைய. ‘யா’ கிழிந்த பனியன். ‘ஷ்யூர்’ சாதா சட்டை. ‘சர்டன்லி’ இஸ்திரி போட்டது. ‘ஐ அக்ரீ ஹோல்ஹார்ட்டட்லி’ கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ.

ஜூன் 6
படுக்கை விரிப்புகளை மாற்றச் சொல்லி வந்தது. ‘யெப், நோ ப்ராப்ளம்’ என்று போட்டேன். சும்மா, மேனேஜர் மூஞ்சி எப்படிப் போகுமோ என்று.

ஜூன் 7
அம்மாவை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டாராம், “நான் என்ன உன்கூடப் படிச்சவனா?” என்று. அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விரிப்பு மாறியதா என்று கேட்கத் தோணலை அந்தாளுக்கு. இனி கோட்டுதான். மூச்சு முட்டட்டும்.

ஜூன் 10
புதுத் துடைப்பம் இந்த மாதம் கிடையாது என்றார். ‘தங்கள் முடிவுக்கு என் முழு ஆதரவு உண்டு, ஐயா’ என்று அசல் இங்கிலீஷில் அனுப்பினேன். துடைப்பத்துக்கு! அம்மாவிடம் “மரியாதை தெரிஞ்சவங்க நீங்க” என்றாராம். மரியாதை, தையல்: அடியேன்.

அக்காவுக்குப் பொறாமை. “ரொம்ப சோப்புப் போடறே” என்கிறாள். மருந்துக்கடையில் மாத்திரைப் பெயர் படிக்கிறவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 13
நீளமான செய்தி. ஆரம்பத்தில் அம்மாவுக்குப் புகழ்மாலை, கடைசியில் சம்மதமா என்ற கேள்வி. என்னவென்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். உன்னைப் புகழ்ந்திருக்கிறார், ஏதோ வேலையை மாற்றி அமைக்கிறார்களாம் என்றேன்.

“அப்போ சரின்னு போடு.”

‘முழு மனதோடு’வா, ‘தயக்கமின்றி’யா? பெரிய ஆராய்ச்சி. இரண்டையும் போட்டேன். இந்தத் தெருவில் எவனும் இப்படிச் சம்மதித்திருக்க மாட்டான்.

ஜூன் 17
அம்மா இப்போது சூப்பர்வைசர் இல்லை.

ஜூன் 18
கீழ்த்தளத்தில், சலவை மெஷின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் வேலைக்கு மேனேஜரின் மச்சினி. அம்மா கேட்கப் போனால், போனைத் திருப்பிக் காட்டினானாம்: “நீங்களேதானே முழு மனசா ஒத்துக்கிட்டீங்க?” அம்மாவே விட்டுக்கொடுத்தாள் என்று கூட வேலை செய்கிறவர்களும் நம்பிவிட்டார்கள்.

திருட்டுப்பய. இங்கிலீஷ் வராதவள்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டு வாங்கறது ஒரு சம்மதமா? ‘யெப்’புக்கு மானம் போச்சாம் அவனுக்கு. இதுக்குப் போகலையா?

ஜூன் 20
அக்கா அந்தச் செய்தியைத் தேடி எடுத்துப் படித்தாள். எல்லாம் அதிலேயே இருக்கிறதாம். பதவி போவது, சலவைக்கு மாறுவது, சம்பளம் குறைவது.

“டேய், இதைப் படிச்சியா நீ?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“விடுடி. அவசரத்துல பாத்திருக்க மாட்டான், குழந்தை” என்றாள் அம்மா.

குழந்தையாம்.

ஜூன் 26
சலவைத்தூள் பட்டு அம்மாவின் விரலெல்லாம் தோல் உரிகிறது. அக்கா களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. நான் கை நீட்டினேன். அம்மா அதை அக்கா பக்கம் தள்ளினாள். “என்ன சொல்றான்னு முதல்ல சொல்லு. பதில் அப்புறம்.”

என்னைத் திட்டவேயில்லை. அவசரம் என்றே நம்புகிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். எவ்வளவு சௌகரியம்!

அவசரமெல்லாம் இல்லை. அன்றைக்குத் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுவில் ஒரு வரிகூடப் புரியலை. அம்மா கேட்டப்போ வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன்.

புரியலைம்மா. அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். தமிழ்லதான்.