மிஷின் எண்ணெய்

அன்புள்ள மகன் வசந்த்குமாருக்கு உன் அம்மா மார்த்தாள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனசுதான் சுகமில்லை, நீ அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாயா? அப்பாவுக்கு முட்டிவலி தேவலாம், பெருநகர் கிராமத்தில் வரப்பு வெட்டப் போய் வருகிறார். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் பிரிஸ்கில்லா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், உன் தங்கச்சி காதில் விழக்கூடாத சேதி இது.

நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில்தான் அவள் வீட்டிலிருந்தே சென்னை கம்பெனி வேலையைப் பார்க்கிறாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவார்களாம், இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குள் இந்த லேப்டாப்பில் ஃபேன் கரகரவென்று ஒரே சத்தம், அடியில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிற கோபாலிடம் கொண்டுபோனோம். அவர் பிரித்துத் தூசி தட்டிவிட்டு, ஃபேன் தேஞ்சிபோச்சிம்மா, புச்சு போடணும், இல்லாகாட்டி வேற லேப்டாப் பாத்துக்கோ என்றார். இவள் அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் மீட்டிங்கில் மேலதிகாரியம்மா, இன்னாம்மா மாவு மிஷின்லயா உக்காந்துகீறே என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. எனக்குப் பொறுக்குமா?

முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவள் நான், எது கத்தினாலும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, காற்று போகிற சந்துக்குள் மிஷின் எண்ணெயை விட்டுவிட்டேன். ரெண்டு சொட்டு என்று பொய் எழுத மாட்டேன், நாலைந்து தரம் அமுக்கினேன். அடங்கிவிட்டது வசந்த்! ரெண்டு நாள் சத்தமே இல்லை. தானா சரியாயிடுச்சிம்மா என்று அவள் குதித்தாள், நானும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வேலைக்கு நடுவில் சூடேறிப் பொட்டென்று அணைந்தது, எழவே இல்லை.

கோபால் பிரித்துப் பார்த்தால் எண்ணெயில் தூசி ஒட்டி ஃபேன் சேறாக இறுகிக் கிடக்கிறது. யாரும்மா எண்ணெய் வுட்டது என்றார். எங்க வூட்ல யாரு வுடுவா, நீதான் பிரிச்சப்போ இன்னாத்தையோ ஊத்தி வச்சிகீறே, எம் பொழப்பே போச்சி என்று உன் தங்கச்சி நாலு பேர் முன்னால் அந்த மனுஷனைக் கிழித்துவிட்டாள். அவர் எண்ணெயை விரலில் தொட்டு மோந்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவசரத்தில் தோளில் தொங்கின அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் போயிருந்தேன். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார் போல. நான் தரையைப் பார்த்தேன், பாவி. சரிம்மா, எந் தப்பாவே இருக்கட்டும், நானே ஃபேன் போட்டுத் தரேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஓடுகிறது. ஆனால் போர்டிலும் எண்ணெய் இறங்கியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நிற்கும், வேறு பார்த்துக்கோ என்று சொல்லித்தான் கொடுத்தார். தன் தப்பை மறைக்கத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று இவள் நம்பவே மாட்டேன் என்கிறாள், தெருவில் எல்லாரிடமும் அந்தக் கடைக்குப் போகாதீங்க என்கிறாள். மறுபடி நடுவில் நின்றால் இவள் வேலை போய்விடும், அவர் பேர் ஏற்கெனவே போய்விட்டது, ரெண்டுக்கும் காரணம் நான். ஞாயிறு ஆராதனையில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, எண்ணெய் வாசனைதான் வருகிறது.

நீ யார்மேல் பழி விழுந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்காதே, அம்மாவுக்கு இந்த வயசில்தான் அது தெரிந்தது. கம்பளிச் சாக்ஸை ஈரத்தோடு போடாதே. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் பட்டாளத்து விலாசம் இங்கிலீஷில் இருக்கிறதால் கவர்மேல் பிரிஸ்கில்லாதான் எழுதித் தருவாள். முன்னெல்லாம் காகிதம் எழுதினால் ஒட்டிவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். இன்றைக்கு ஒட்டாமல், காகிதத்தையும் பிரித்தபடியே கொடுக்கப் போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் உன் தங்கச்சி படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் அம்மா,
மார்த்தாள் ஏசுதாஸ்